வளரிளம் பிள்ளைகளுக்குக் கருத்தடை பற்றிச் சொல்லித் தருவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரியில் புதிதாக வகுப்பெடுப்போருக்கு

14 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கருத்தரிப்பு, கருத்தடை பற்றி முதல்முறையாகப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். நீங்கள் பள்ளி ஆசிரியராகவோ, கிராம சுகாதார செவிலியராகவோ, விடுதிக் காப்பாளராகவோ, மகளிர் குழுவில் பொறுப்பில் இருப்பவராகவோ இருக்கலாம். மருத்துவப் படிப்பு அவசியமில்லை. தெரிந்ததைக் கூச்சமில்லாமல் சொல்லவும், தெரியாததை நர்ஸம்மாவிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்லவும் மனம் இருந்தால் போதும்.

இலக்கை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு மாத்திரையின் பெயர் மறந்துபோகலாம். ஆனால் ஒரு சிக்கல் வந்தால் எந்த ஊருக்கு, எந்தக் கட்டடத்துக்கு, யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது மறக்கவே கூடாது. ஆணுறையும் மாத்திரையும் ஊசியும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத்தான் கிடைக்கின்றன. யாரிடம் கேட்பது என்று தெரியாமலும், கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தும் நாளைக் கடத்துவதால்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த நாளைக் குறைப்பதற்காகத்தான்.

எப்போது எடுப்பது

ஆண்டுத் தேர்வுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். பத்தாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை விட்டதும் கல்யாணப் பேச்சு கிளம்பும். தாய்மாமன், முறைப்பையன் என்று வீட்டுக்குள்ளேயே மாப்பிள்ளை இருந்தால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோர ஊர்களிலும் சித்தேரி மலையிலும் இதைக் கண்டவர்கள் பலர். ஜூனில் பள்ளி திறந்த பிறகு நீங்கள் வகுப்பெடுத்தால், யாருக்கு அது மிகவும் தேவையோ அந்தப் பெண் வகுப்பில் இருக்க மாட்டாள்.

பெற்றோரைச் சந்திக்க வேறு காலம். பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலை, மில் வேலை என்று போனவர்கள் பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும்தான் ஊரில் இருப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கூட்டத்தில் ‘கருத்தடை வகுப்பு’ என்று தொடங்காதீர்கள். வயதுவந்த பிள்ளையின் உடல்நலம், ரத்தசோகை, 18 வயதுக்கு முன் பிள்ளை பெற்றால் தாய்க்கு வரும் ஆபத்து என்று தொடங்கி, கருத்தடைக்கு வாருங்கள். அப்படி வந்தால் தாய்மார்களே கேள்வி கேட்பார்கள்.

‘இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகாதா?’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பதில் சொல்லத் தயாராகப் போங்கள். உலகின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் ஈடுபடுவதாகத் தெரியவரவில்லை. நம் அரசே 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தில், 10 முதல் 19 வயதினரின் இனப்பெருக்க நலத்தையும் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட வீட்டுக்குள் ஒரு காரணம் கிடைக்கும்.

வகுப்புக்குள் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

இதைத் தெரியாமல் வகுப்புக்குப் போனால் உங்களால் பிள்ளைக்கும் கேடு வரும், உங்களுக்கும் வரும்.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதுக்கு முன் நடப்பது குழந்தைத் திருமணம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி 18 வயதுக்குக் கீழுள்ளவருடன் பாலுறவு குற்றம். அந்தப் பிள்ளை சம்மதித்தாலும் சட்டத்தில் அது சம்மதம் ஆகாது. தாலி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மனைவியாகவே இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காதலித்து ஓடிப்போகும் 19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள். பையன்களுக்கு இதை விளக்கமாகச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

போக்சோ குற்றம் ஒன்று நடந்தது தெரியவந்தால் காவல் துறைக்குச் சொல்லும் கடமை எல்லோருக்கும் உண்டு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. அதனால் வகுப்பின் முதல் விதி இப்படி இருக்கட்டும்: “இங்கே யாரும் சொந்தக் கதை சொல்ல வேண்டாம், கண்ணு. பொதுவாகக் கேளுங்க. யாராவது உங்களுக்குத் தொல்லை கொடுத்தா தனியா வந்து என்கிட்ட சொல்லுங்க. அதை நான் மூடி வைக்க முடியாது, உங்களைக் காப்பாத்தக் கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்.” இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

தடுத்து நிறுத்த வேண்டிய கல்யாணம் பற்றித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: நிரோத் ஆணுறைப் பொட்டலங்கள் சில, தினசரிக் கருத்தடை மாத்திரையான மாலா-என் ஓர் அட்டை, வாரக் கருத்தடை மாத்திரையான சாயா ஓர் அட்டை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி மாதிரி ஒன்று, அவசரக் கருத்தடை மாத்திரையின் உறை, கர்ப்பச் சோதனை அட்டை. காலாவதியானவையாக இருந்தாலும் காட்ட உதவும். ‘காட்ட மட்டும்’ என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். இவற்றோடு மூடியுள்ள ஓர் அட்டைப் பெட்டி, ஒரே அளவில் வெட்டிய காகிதத் துண்டுகள், ஒரு நாட்காட்டி, 100 புளியங்கொட்டை.

புளியங்கொட்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சதவீதம் என்றால் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொட்டையைக் கையால் நகர்த்திக் காட்டினால் கண் அதிலேயே நிற்கும்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறீர்கள் என்றால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். மாதவிடாய், கருப்பை, ஆணுறை ஆகியவற்றுக்கு அந்தந்த மொழியில் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பு: உடல்

ஆணையும் பெண்ணையும் முதலில் தனித்தனியாக உட்கார வையுங்கள். ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் வேண்டாம். தலைமையாசிரியரோ ஊர்ப் பெரியவரோ பின் வரிசையில் உட்கார்ந்தால் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. மரியாதையாகச் சொல்லி வெளியே உட்கார வைப்பது உங்கள் பொறுப்பு. பெண்களுக்கு வகுப்பெடுக்கும்போது பையன்களை விளையாட அனுப்பிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது, அதை ஏற்காதீர்கள்.

நாட்காட்டியை விரித்து வைத்துத் தொடங்குங்கள். அடுத்த மாதவிடாய் வருவதற்குச் சுமார் 14 நாளுக்கு முன் சினைமுட்டை வெளிவருகிறது. 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது 14-ஆம் நாள் வாக்கில், 35 நாள் சுற்று உள்ளவருக்கு 21-ஆம் நாள் வாக்கில். முட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வெளிவருவதற்கு ஐந்து நாள் முன்பே உறவு நடந்திருந்தாலும் கரு உருவாகலாம். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சுற்று 21 நாளிலிருந்து 45 நாள் வரை ஏறி இறங்கும். ஆகவே ‘பாதுகாப்பான நாள்’ என்று எண்ணிப் பார்ப்பது இந்த வயதுக்குச் சற்றும் பொருந்தாது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகளே நாட்காட்டியில் இரண்டு மூன்று சுற்றுகளைக் குறித்துப் பார்க்கட்டும்.

பிறகு, காதில் விழுந்த தவறுகளைக் கேள்விகளாக எழுதி ஒவ்வொன்றாக உடையுங்கள். முதல்முறை என்றால் கரு தங்காது என்பது பொய். மாதவிடாயின்போது தங்கவே தங்காது என்பதும் பொய். சுற்று குறுகியவருக்குத் தங்கலாம். கழுவிவிட்டால், குதித்தால், சிறுநீர் கழித்தால் போய்விடும் என்பதும் பொய். முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம் என்பதால், வயதுக்கு வராத பெண்ணும் கருவுறலாம். இந்தக் கடைசிச் செய்தி பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

18 வயதுக்கு முன் பிள்ளைப்பேறு ஏன் ஆபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ரத்தசோகை, ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வருவது, இடுப்பெலும்பு முழுதாக வளராததால் பிரசவம் தடைபடுவது, எடை குறைந்த குழந்தை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஏன் எறியக் கூடாது என்பதற்கும் இது காரணமாக அமையும்.

இரண்டாம் வகுப்பு: வேண்டாம் என்று சொல்வது

பலர் இதை விட்டுவிட்டு நேராகக் கருத்தடைச் சாதனத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த வயதில் உறவை ஒத்திப்போடுவதுதான் முழுப் பாதுகாப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்வது என்று வாயால் பழக்க வேண்டும். “என்மேல நம்பிக்கை இல்லையா?”, “போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிடுவேன்”, “நாமதான் கல்யாணம் பண்ணிக்கப் போறோமே” என்று மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பதில் தயாரிக்கட்டும். பையன்களுக்கும் இதே பயிற்சி. நண்பர்கள் உசுப்பிவிடும்போது என்ன சொல்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

தொல்லை கொடுப்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உறவினராக இருந்தாலும், தப்பு செய்தவர்மேல்தான் தப்பு.

மூன்றாம் வகுப்பு: வழிகள்

100 புளியங்கொட்டையையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றும் உறவில் உள்ள ஒரு பெண். எந்த வழியும் கையாளாவிட்டால் ஓர் ஆண்டில் 85 பேர் கருவுறுவார்கள். 85-ஐத் தள்ளிக் காட்டுங்கள். விந்து வரும் முன் விலகிக்கொள்வதை மட்டும் நம்பினால் 20 பேர். ஆணுறையை மக்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிற விதத்தில் 13 பேர். ஒவ்வொரு முறையும் தவறில்லாமல் பயன்படுத்தினால் 2 பேர். தினசரி மாத்திரையில் 7 பேர், ஊசியில் 4 பேர், காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. ‘ஆணுறைக்கு ஏன் இரண்டு கணக்கு?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் வகுப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம். வித்தியாசம் சாதனத்தில் இல்லை, பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

ஆணுறை. பால்வினை நோயையும் எச்.ஐ.வி.யையும் சேர்த்துத் தடுப்பது இது ஒன்றுதான். மற்ற எந்த வழியைக் கையாண்டாலும் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொட்டலத்தைக் காட்டி விளக்கினால் போதும்; மரத்தாலான மாதிரியில் செய்துகாட்டுவதைக் கல்லூரி, ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் மணமானவர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இதுதான்: காலாவதித் தேதியைப் பார்ப்பது, பொட்டலத்துக்குள் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது, பல்லாலோ கத்தரியாலோ கிழிக்காமல் ஓரத்தில் கையால் பிரிப்பது, நுனியை அழுத்திக் காற்றை வெளியேற்றுவது, உறவு தொடங்கும் முன்பே முழுதாக அணிவது, முடிந்ததும் அடிப்பகுதியைப் பிடித்தபடி விலகுவது, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவது. கிழிந்துபோவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. பர்ஸிலும் வண்டிப் பெட்டியிலும் மாதக்கணக்கில் வெயிலில் கிடப்பது. தேங்காய் எண்ணெய், வாசலின் தடவுவது. எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடத்திலேயே பலவீனமாகிவிடும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு அணிவது, உராய்ந்து கிழியும்.

மாலா-என். அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை மாத்திரைகளில் ஹார்மோன், மற்ற ஏழில் இரும்புச்சத்து. மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்துத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அட்டை முடிந்ததும் மறுநாளே அடுத்த அட்டை. வெள்ளை மாத்திரை ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொண்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடலாம். ஒரே நாளில் இரண்டு போட்டால் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், ஒன்றை உடனே போட்டுக்கொண்டு அட்டையைத் தொடர வேண்டும், ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், இடையில் சிறு ரத்தப்போக்கு வரலாம். இரவில் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ரத்தக் கொதிப்பு, கண் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் இது கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவை இதன் வேலையைக் கெடுக்கும். நர்ஸம்மா கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

சாயா. ஹார்மோன் இல்லாத மாத்திரை. மாதவிடாயின் முதல் நாள் தொடங்க வேண்டும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு. நான்காம் மாதத்திலிருந்து வாரம் ஒன்று. ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும், பிறகு ஞாயிறு மட்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு, வாரம் இரண்டு என்பதை மறந்து முதல் வாரத்திலிருந்தே ஒன்றாகப் போடுவது. நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுத்தால் இது குறையும். மாதவிடாய் தள்ளிப்போவது இந்த மாத்திரையில் சகஜம். பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும் அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களும் தவிர்க்க வேண்டும்.

அந்தரா ஊசி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்போ, நான்கு வாரம் பின்போ வரை போட்டுக்கொள்ளலாம். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, மருந்து சீக்கிரம் கலைந்துவிடும். மாதவிடாய் ஒழுங்கற்றுப்போய், நாளடைவில் நின்றும்விடலாம். இதை முன்பே சொல்லாததால்தான் பலர் பயந்து இரண்டாவது ஊசிக்கு வராமல் போகிறார்கள். ரத்தம் உள்ளே தேங்குவதில்லை, கருப்பையின் உட்சுவர் தடிக்காததால் வெளியேற ஒன்றுமில்லை என்று விளக்குங்கள். நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகும்.

காப்பர்-டி. ஐந்தாண்டு, பத்தாண்டு என இரு வகை. குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாம். வயிற்றுக்குள் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பயத்துக்கு, காட்டக் கொண்டுபோன மாதிரியைக் கையில் கொடுத்து, கருப்பையின் படத்தின் மேல் வைத்துக் காட்டுவதே நல்ல மருந்து. அறுவைச் சிகிச்சை இந்த வயதினருக்கானது இல்லை என்ற ஒரு வரி போதும். குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள்.

72 மணி நேரம்

வகுப்பில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஆணுறை கிழிந்தால், மாத்திரை விட்டுப்போயிருந்தால், பலாத்காரம் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் உறவுக்கு இது பாதுகாப்பு ஆகாது. அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் முன்பின்னாக வரலாம். மாத்திரை போட்டு மூன்று வாரமாகியும் வராவிட்டால் கர்ப்பச் சோதனை செய்ய வேண்டும். மாதா மாதம் பயன்படுத்தும் வழியும் இதுவல்ல. தினசரி மாத்திரையைவிடப் பலன் குறைவு.

தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இந்த மாத்திரையை வைப்பதில்லை. கடை கடையாக ஏறி இறங்கி ஒரு நாளை இழப்பதைவிட நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போவது மேல். கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் கெடு செவ்வாய் இரவு 9 மணி. ஞாயிறு துணை சுகாதார நிலையம் பூட்டியிருக்கும். மலைக் கிராமத்திலிருந்து பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் திங்கள் காலை பஸ்ஸைத் தவறவிட முடியாது. உங்கள் ஊரில் 24 மணி நேரமும் இயங்கும் நிலையம் எது, அங்கே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்பதை வகுப்புக்கு முன்பே நீங்கள் போய்த் தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை, ஓசூர் அரசு மருத்துவமனைகளும், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இரவிலும் திறந்திருக்கும்.

பலாத்காரம் என்றால் எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்துக்கும் அதே 72 மணி நேரக் கெடுதான்.

நாள் தள்ளிப்போனால்

சோதனை அட்டை சுகாதார நிலையத்தில் இலவசம், கடையிலும் கிடைக்கும். காலை முதல் சிறுநீரில் இரண்டு மூன்று சொட்டைக் குழியில் விட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ‘சி’ எதிரே மட்டும் கோடு என்றால் கரு இல்லை. ‘சி’, ‘டி’ இரண்டிலும் கோடு என்றால், ஒன்று மங்கலாக இருந்தாலும், கரு உண்டு. ‘சி’யில் கோடே வராவிட்டால் அட்டை பழுது. நாள் தள்ளிய உடனேயே பார்த்து இல்லை என்று வந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பப்பாளி, எள்ளுருண்டை, கருப்பட்டிக் கஷாயம் என்று நாளைக் கடத்துவதுதான் இங்கே முதல் தவறு. கரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கடையில் கலைப்பு மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போடுவதும், குச்சி வைப்பவரிடம் போவதும் உயிருக்கு ஆபத்து. எத்தனை வாரம் என்றும், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்றும் பார்க்காமல் மாத்திரை போட்டால், உதிரப்போக்கு நிற்காமல் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

கருக்கலைப்பு 1971 முதலே நம் நாட்டில் சட்டப்படி உண்டு. 2021-இல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயதுக்குக் கீழுள்ளவர், பலாத்காரத்துக்கு ஆளானவர் உள்ளிட்ட சிலருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். 18 நிறைந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. 18-க்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். போலீஸுக்குப் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைத் தாய்மாரிடம் சொல்லி வையுங்கள்.

கல்யாணம் ஆகிவிட்ட பெண்கள்

பள்ளியை விட்டுப்போய் மாமியார் வீட்டில் இருக்கும் 18, 19 வயதுப் பெண்ணை வகுப்பில் பார்க்க முடியாது. வீடு தேடித்தான் போக வேண்டும். மூன்றாம் மாதமாகியும் ‘இன்னும் விசேஷம் இல்லையா’ என்று கேட்கும் வீடு அது. அவளிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் மாத்திரை அட்டை குப்பைக்குப் போகும். மாமியாரிடம், “உங்க மருமகளுக்கு ரத்தம் கம்மியா இருக்குங்கம்மா, ஒரு வருஷம் உடம்பைத் தேத்திட்டா பேரப்பிள்ளை திடமா பொறக்கும்” என்று தொடங்குங்கள். உண்மையும் அதுதான். குழந்தை பிறந்தவளிடம், அடுத்த கர்ப்பத்துக்கு முன் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று சொல்லுங்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருந்தால்தான் பால் கொடுப்பது பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு வழி வேண்டும். கணவனைத் தனியாகப் பார்த்து ஆணுறை பற்றிப் பேச, ஆண் சுகாதார ஆய்வாளரை அழைத்துப் போங்கள்.

கேள்விப் பெட்டியும் துண்டுச் சீட்டும்

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிப் போடட்டும். அப்போதுதான் யார் கேட்டார் என்பது வெளியே தெரியாது. அடுத்த வகுப்பு வரை வைத்திருந்து, படித்து, சேர்த்து எழுதிப் பதில் சொல்லுங்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அசிங்கமாக எழுதப்பட்டதிலும் பெரும்பாலும் ஓர் உண்மையான கேள்வி இருக்கும். சொல்லை மாற்றிவிட்டு அதற்கும் பதில் சொல்லுங்கள், கோபப்படாதீர்கள்.

கடைசி வகுப்பில் ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். அதில் ‘கருத்தடை’ என்று தலைப்பிட்டால், அது வீட்டில் கிடைத்த அன்றே பெண்ணின் படிப்பு நிற்கலாம். ‘சத்து மாத்திரை, மாதவிடாய், உடல்நலச் சந்தேகங்களுக்கு’ என்று போட்டு, அதன் கீழ் துணை சுகாதார நிலையம் திறக்கும் நேரம், செவிலியரின் எண், பக்கத்து 24 மணி நேர நிலையம், அங்கே போகும் பஸ் நேரம், மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, எச்.ஐ.வி. தகவலுக்கு 1097 ஆகியவற்றை எழுதுங்கள். பையன்களுக்கும் இதே சீட்டுதான். அச்சடிக்கும் முன் ஒவ்வோர் எண்ணையும் நீங்களே அழைத்துப் பாருங்கள். செவிலியர் இடமாற்றலாகிப் போனால் பழைய சீட்டு செல்லாது; புதியவரைப் போய்ப் பார்த்து, வகுப்பில் ஒரு நாள் அவரை நேரில் அறிமுகப்படுத்தி, சீட்டையும் மாற்றிக் கொடுங்கள்.